ஆடியில் வந்த கருவாட்டுக்கூடை

ஆடி 1, வியாழன்

கற்பகவல்லி டீச்சருக்கு வணக்கம். முதலில் மன்னிக்க வேண்டும். என் எழுத்து ஒரு வரியில் மேலே ஏறுகிறது, அடுத்த வரியில் கீழே சறுக்குகிறது. கோடு போட்ட நோட்டுதான், ஆனாலும் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கிறது. பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியதில் தாளின் பின்பக்கம் எல்லாம் புடைத்துக்கொண்டு தடவினால் தட்டுப்படுகிறது. அதையும் தடவிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதி சனிக்கிழமைதோறும் முதியோர் வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னீர்கள். ஆரம்பிக்கிறேன். என் பெயர் முனிரத்தினம். வயது அறுபத்தொன்பது. ஆரணி ரோட்டில் அன்னபூரணி திருமண மண்டபத்தில் வாட்ச்மேன். இவ்வளவு எழுதவே ஒரு டீ ஆறிப்போனது.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. வழக்கமாக இந்த மாதம் மண்டபத்தில் நானும் பல்லிகளும்தான். இந்த வருடம் ஆடி முழுவதையும் ஒரே பார்ட்டி எடுத்திருக்கிறது. பாட்டுக் குழு. சென்னையிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். மூன்றே பேர், பெட்டி மட்டும் முப்பது பேருக்கு உரியது. வேனின் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கருவாட்டுக்கூடை.

எனக்குப் பகீர் என்றது. எங்கள் மண்டபம் சைவம். முட்டை கூட உள்ளே வரக் கூடாது என்பது முதலாளி உத்தரவு.

"தம்பி, கருவாடு எல்லாம் உள்ள கொண்டாரக் கூடாது" என்றேன்.

"தாத்தா, அது எங்க பேண்டு பேரு" என்றான் ஒரு பையன். பையன் என்றால் முப்பது வயது இருக்கும், தாடி. பெயர் ரஃபீக். "கருவாடு கிடையாது. வாசனை மட்டும்தான்."

ஆடி 2, வெள்ளி

காலை ஐந்து மணிக்கு மாரியம்மன் கோயில் கூம்பு ஹார்னில் பாட்டுப் போட்டார்கள். ஆடி வெள்ளி.

மூன்று பேரும் லாட்ஜிலிருந்து ஓடி வந்தார்கள். மண்டபத்தின் நடுவில் நின்று காதைப் பொத்திக்கொண்டார்கள். கிளமெண்ட் என்பவன்தான் பாட்டைப் பதிவு செய்கிறவன், கிடாரும் வாசிப்பான். அழுதுவிடுவான் போல் இருந்தான்.

"ஆடி மாசம் மண்டபம் காலியா இருக்கும், வாடகை கம்மின்னு சொன்னியே. ஆடி மாசம் ஊரே ஹார்ன் கட்டும்னு சொல்லலையே, பிருந்தா. உன் ஊருதானே இது?"

"அப்பல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும்தான் போடுவாங்கடா."

"இது எத்தனை நாளைக்கு தாத்தா?"

"மாசம் பூரா தம்பி. கடைசி வெள்ளிக்கிழமை கூழ் ஊத்தறவரைக்கும்."

ரஃபீக் தரையில் உட்கார்ந்து சிரித்தான். ராத்திரியில் பாடலாமா என்று கேட்டார்கள். எட்டு மணிக்கு மேல் மண்டபத்தில் ஆள் இருக்கக் கூடாது, மெயினை அணைத்துவிட வேண்டும், அக்கம்பக்கத்தில் புகார் வந்திருக்கிறது, முதலாளி எழுதி வாங்கியிருக்கிறார் என்றேன்.

பிருந்தா பாடுகிற பெண். ஆண்பிள்ளை மாதிரி முடியை வெட்டியிருக்கிறது, மூக்குக்கண்ணாடி. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு, வழி கேட்காமலேயே சமையல்கட்டைத் தாண்டிக் குழாயடிக்குப் போயிற்று. நான் பின்னாலேயே போனேன்.

"முன்னாடி இங்க வந்திருக்கியாம்மா?"

"ஒரு தடவை" என்றது.

நானும் மேலே கேட்கவில்லை.

ஆடி 4, ஞாயிறு

ஹார்ன். ஹார்ன். ஹார்ன். இந்த வார்த்தையில் வரும் 'ஹா' எழுதக் கற்றுக்கொண்டேன்.

ஆடி 6, செவ்வாய்

ரஃபீக்கின் மேளங்களை மணமேடையில் வைத்துவிட்டார்கள். பித்தளைத் தாம்பாளம் மாதிரித் தட்டுகள், காலால் மிதிக்கிற பெரிய மேளம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற மெத்தைகள், ஜமக்காளங்கள், திண்டுகள் எல்லாவற்றையும் கேட்டார்கள். படுக்கவா என்றால் இல்லை, சுவரில் சாய்த்து வைக்கிறார்கள். மண்டபம் எதிரொலிக்கிறதாம், மெத்தை அதைக் குடித்துவிடுமாம்.

ரஃபீக் சமையல்கட்டுக்குள் போய் அண்டாக்களைத் தட்டிப் பார்த்தான். சாம்பார் அண்டாவை விட ரச அண்டா நன்றாக இருக்கிறதாம். அதை மேடைக்குத் தூக்கிப்போய்க் கரண்டியால் அடித்துப் பதிவு செய்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அந்த அண்டாவைத் தேய்க்கிறது நான்தான்.

ஆல்பம் போடுகிறோம் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஆல்பம் கல்யாண போட்டோ ஆல்பம்தான். எட்டுப் பாட்டுச் சேர்ந்து ஒரு ஆல்பம் என்று கிளமெண்ட் விளக்கினான். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்து ஒரேயடியாக எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. முதலில் மேளம் மட்டும். அதன் மேல் கிடார். கடைசியில் வாய்ப்பாட்டு. செங்கல் அடுக்கிப் பூசிச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி.

மேளத்துக்கு ஹார்ன் தொந்தரவு இல்லை. மேளத்துக்குப் பக்கத்திலேயே மைக்கை வைத்துவிட்டால், அதற்கு வேறு எதுவும் கேட்காதாம். வாய்ப்பாட்டுக்குத்தான் அமைதி வேண்டுமாம்.

பழைய பாட்டு ஒன்றை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். நல்ல சத்தம். என்ன வார்த்தை என்று ஒன்றும் புரியவில்லை. அதைச் சொல்லவும் செய்தேன்.

"எங்க அம்மாவும் அதையேதான் சொல்றாங்க" என்றான் ரஃபீக்.

ஆடி 9, வெள்ளி

கோயிலுக்கு மைக்செட் போடுகிற எத்திராஜைப் போய்ப் பார்த்தேன். அவன் எனக்குத் தூரத்துச் சொந்தம்.

"மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்குமே, அப்ப யாருக்குடா பாட்டுப் போடறே? அம்மனே தூங்குது."

"நிறுத்திட்டா நான் சாப்பிடப் போயிட்டேன்னு கமிட்டியில திட்டறாங்கண்ணே."

"சாப்பிடப் போயேன்."

யோசித்தான். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை நிறுத்துகிறேன் என்றான். பதிலுக்குக் கிளமெண்ட் அவனுடைய பழைய ஆம்ப்ளிஃபையரின் கரகரப்பைச் சரி செய்து கொடுத்தான். இப்போது அம்மன் பாட்டு முன்னை விடத் தெளிவாகக் கேட்கிறது. கிளமெண்ட் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆடி 13, செவ்வாய்

மணமகன் அறையில் மெத்தைகளை அடுக்கி, அதற்குள் பிருந்தாவை நிறுத்திப் பாட வைக்கிறார்கள். இந்த மண்டபத்தில் எந்தக் கதவும் சும்மா இருக்காது. காற்றில் ஆடும், கிறீச்சிடும். அதனால் அறைக்கு உள்ளே கதவில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்திருப்பது என் வேலை. மூச்சைக் கூட மெதுவாக விட வேண்டும். இருமல் வந்தால் கையைத் தூக்கச் சொன்னார்கள்.

இன்றைக்கு ஒரு அதிசயம் தெரிந்துகொண்டேன். மேளமும் கிடாரும் பிருந்தாவின் காதில் மாட்டியிருக்கிற ஹெட்போனில்தான் ஓடுகிறது. அறையில் எனக்கு அது கேட்காது. எனக்குக் கேட்பது அந்தப் பெண்ணின் குரல் ஒன்றுதான். துணைக்கு ஒன்றுமே இல்லாமல், உமி நீக்கிய அரிசி மாதிரி. ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

ஒரு பாட்டு, ஓட்டலில் அறை கொடுக்க மறுத்ததைப் பற்றி. ஒரு பாட்டு, செத்துப்போன நாய்க்கு. ஒரு பாட்டு முழுக்க முழுக்க ஈ.பி. பில்லைத் திட்டுவது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"தாத்தா, எப்படி?"

"புரியுதும்மா!" என்றேன். எனக்கு முதல் முறையாக எழுத்து படிக்க வந்தபோதும் இப்படித்தான் கத்தினேன், உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆடி 16, வெள்ளி

ஏழு பாட்டு முடிந்துவிட்டது. எட்டாவது பாட்டுக்கு 'பால் வண்டி' என்று பெயர். அதை மட்டும் பிருந்தா தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறது. தொண்டை சரியில்லை என்கிறது. தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. கதவில் சாய்ந்து கேட்கிற எனக்குத் தெரியாதா.

சாயங்காலம் ரைஸ்மில் சபாபதி மண்டபத்து வாசலில் நின்றார். கோயில் விழாக் கமிட்டித் தலைவர் அவர்தான். உள்ளே வரவில்லை. வேனைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாகப் பிருந்தா மேடையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். போய்விட்டார்.

ஆடி 17, சனி

ஹார்னை மண்டபத்துப் பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். மத்தியானமும் நிறுத்தவில்லை. எத்திராஜ் என்னைக் கண்டதும் கும்பிட்டான்.

"என்னைக் கேட்காதண்ணே. தலைவர் உத்தரவு. ஒரு நிமிஷம் நின்னாலும் அடுத்த வருஷம் வேற செட்டுன்னுட்டார்."

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. மூன்று பேரும் எலுமிச்சம்பழச் சாதம் வாங்கி வந்தார்கள். நான்கு பேரும் பந்திக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஹார்ன் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை.

ஆடி 19, திங்கள்

டீச்சர், இந்தப் பக்கத்தை வகுப்பில் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம்.

மணமகன் அறையின் ஜன்னல் கோயிலைப் பார்த்து இருக்கிறது. இனி அங்கே பதிவு செய்ய முடியாது. மணமகள் அறைதான் பின்பக்கம், ஜன்னல் இல்லாதது, ஒரு பின்கதவு மட்டும் சமையல்கட்டு முற்றத்துக்குப் போகும். கிளமெண்ட் மெத்தைகளை அங்கே மாற்றினான். பிருந்தா வாசற்படியிலேயே நின்றுவிட்டது. நான் இங்கே பாட மாட்டேன் என்றது. ஏன் என்று கிளமெண்ட் கேட்டான். போய் வேனில் உட்கார்ந்துகொண்டது.

ஏன் என்று எனக்குத் தெரியும். எட்டு வருடத்துக்கு முன்னால் வைகாசியில் இந்த மண்டபத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் ஆறு மணிக்கு. விடிகிற நேரத்தில் மணமகள் அறையைத் திறந்து பார்த்தால் பெண் இல்லை. பெண் பிருந்தா. பெண்ணின் அப்பா சபாபதி. தாய் இல்லாமல் அவர் ஒருவராக வளர்த்த பெண். சமைத்த சாப்பாட்டை ஹாஸ்டலுக்கு அனுப்பினோம். யாரோ ஒருவனோடு போய்விட்டாள் என்று ஊர் பேசியது. எவன் என்பதற்கு ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். சபாபதி ஒரு வருடம் கோயிலுக்குக் கூட வரவில்லை.

ஆடி 20, செவ்வாய்

மில்லுக்குப் போனேன். தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் சபாபதி உட்கார்ந்திருந்தார்.

"யாரு, முனிரத்தினமா? வா. என்னா சமாச்சாரம்?"

"ஹார்னு நம்ம மண்டபத்தைப் பார்த்து இருக்குதுங்க."

"அம்மன் பாட்டு மண்டபத்துக்குக் கேட்டா நல்லதுதானே."

"மத்தியானம் கொஞ்ச நேரம் நிறுத்தினா அந்தப் பிள்ளைங்க வேலையை முடிச்சுக்கிட்டு..."

"உள்ள பாடறது யாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் தவிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எவன்கூடவோ போனவ. எட்டு வருஷம் கழிச்சு மேளத்தைத் தூக்கிக்கிட்டு அதே மண்டபத்துக்கு வந்திருக்கா. எனக்குன்னே வந்திருக்கா. அந்த ரெண்டு பேர்ல எவன் அவன்?"

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வாயைத் திறந்தேன். அதற்குள் கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் டீ வந்துவிட்டது. எனக்கும் ஊற்றச் சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். சர்க்கரை அதிகம்.

ஆடி 21, புதன்

பிருந்தா குழாயடியில் வந்து பக்கத்தில் நின்றது.

"மில்லுக்குப் போனீங்களாமே தாத்தா. யார்கூடப் போனேன்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொல்ல வந்தேன். டீ வந்துடுச்சு."

சிரித்துவிட்டது. பிறகு, "அன்னைக்கு இதே குழாயடியிலதான் நின்னீங்க. என்னைப் பார்த்தீங்க" என்றது.

பார்த்தேன். பால் வண்டி வந்து கேன்களை இறக்கிவிட்டுத் திரும்பும் நேரம். பட்டுப்புடவைக்கு மேல் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் மணமகள் அறையின் பின்கதவைத் திறந்து வந்து வண்டியில் ஏறிக் காலி கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்தது. கூட யாரும் இல்லை. வண்டிக்காரன் கோவிந்தன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அதன் பிறகு யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வாட்ச்மேனை யார் கேட்பார்கள்.

"நான் வேணும்னா இப்பப் போய்ச் சொல்லிடறேம்மா. தனியாத்தான் போச்சுன்னு."

"வேணாம் தாத்தா. நான்தான் சொல்லணும். போன் பண்ணா எடுக்கறதில்ல. நேர்ல வந்தப்ப கதவைச் சாத்திட்டாரு. அதான் பாட்டாப் போட்டிருக்கேன். ஊர்ல நாலு கடையில ஓடினா காதுல விழுந்துதானே ஆகணும்?"

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். "மேளத்தோட சேர்ந்தா உங்க பாட்டுல ஒரு வார்த்தை புரியாதேம்மா."

குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்ததை இருவருமே பார்க்கவில்லை.

ஆடி 23, வெள்ளி

பிருந்தா மணமகள் அறைக்குள் போனது. நான்கு தடவை பாடியது. நான்கு தடவையும் பாதியில் நின்றது. இரண்டு தடவை அதன் குரல் நின்றது. இரண்டு தடவை ஹார்ன் உள்ளே வந்துவிட்டது என்று கிளமெண்ட் நிறுத்தினான்.

"ஆல்பத்துல அம்மனுக்கும் பேரு போட்டுடலாம், கோரஸ்னு" என்றான் ரஃபீக். யாரும் சிரிக்கவில்லை.

பாட்டு கிடைக்காவிட்டால் ஏழு பாட்டோடு வெளியிடலாம் என்கிறான் கிளமெண்ட். பிருந்தா, இது இல்லையென்றால் ஆல்பமே வேண்டாம் என்கிறது. ஆடி முடிந்தால் மண்டபம் இல்லை.

ஆடி 24, சனி

வகுப்புக்கு வந்தேன். நீங்கள் "பால் வண்டிப் பாட்டு என்ன ஆயிற்று?" என்றுதான் முதலில் கேட்டீர்கள். 'ழ'வைத் திருத்தக் கூட இல்லை.

ஆடி 26, திங்கள்

டீக்கடைப் பேப்பரை மண்டபத்துக்குக் கொண்டுவந்து உரக்கப் படித்தேன். தினமும் ஒரு பத்தி படிக்கச் சொன்னீர்களே, அதற்காக. பெரிய எழுத்துச் செய்திகளை விட்டுவிட்டு, மூலையில் சின்னதாக இருந்த ஒன்றை எடுத்தேன். 'நாளை மின் நிறுத்தம்.' மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக, காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை. கீழே வரிசையாக ஊர்ப் பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர்!

"பேப்பர்ல நம்ம ஊர் பேரு வந்திருக்குது!" என்று எல்லோரிடமும் காட்டினேன்.

"அட கடவுளே, நாளைக்கும் போச்சா" என்று கிளமெண்ட் மெத்தையில் விழுந்தான். விழுந்தவன் அப்படியே எழுந்து உட்கார்ந்தான்.

"தாத்தா, கோயிலுக்கு ஜெனரேட்டர் இருக்கா?"

"கூழ் ஊத்தற அன்னைக்கு மட்டும் வாடகைக்கு வரும்."

"அப்ப நாளைக்கு ஹார்ன்?"

"கரண்ட் இல்லாம ஹார்ன் எப்படித் தம்பி பாடும்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கிளமெண்டின் கம்ப்யூட்டருக்குள் பேட்டரி இருக்கிறதாம். ஒரு பாட்டுக்குத் தாங்குமாம். ரஃபீக் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். தாடி குத்தியது.

ஆடி 27, செவ்வாய்

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும். கை வலித்தாலும் எழுதுவேன்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று. ஹார்ன் ஒரு சொல்லின் நடுவில் நின்றது. ஊரே அமைதியாகிவிட்டது. மாவு மில், தையல் மெஷின், ஃபேன், எதுவும் இல்லை. காக்கைகள் மட்டும். காக்கை ஓயட்டும் என்று காத்திருந்தோம்.

மணமகள் அறை இருட்டு, புழுக்கம். ஹார்ன் இல்லாததால் பின்கதவைத் திறந்து வைக்கலாம் என்றான் கிளமெண்ட். அவனும் ரஃபீக்கும் பந்திக் கூடத்தில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்தார்கள், ஒயர் மட்டும் உள்ளே வந்தது. நான் வழக்கம் போல முன்கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். எனக்கு நேர் எதிரே பின்கதவு, அதற்கு அப்பால் முற்றம். பிருந்தா மெத்தைச் சுவரைப் பார்த்து நின்று கண்ணை மூடிக்கொண்டது. அதன் முதுகுப் பக்கம்தான் முற்றம்.

பாட ஆரம்பித்தது.

அப்போது முற்றத்தில் சபாபதி வந்து நின்றார். கூட ட்ரைசைக்கிள்காரன். வெள்ளிக்கிழமை கூழுக்கு எங்கள் அண்டாக்களைத்தான் கோயிலுக்கு எடுத்துப்போவார்கள். எப்போதும் மில் ஆட்கள் வருவார்கள். கரண்ட் இல்லாமல் மில் ஓடாததால் ஆட்கள் லீவு, அவரே வந்திருக்கிறார்.

நான் எழுந்தால் கதவு கிறீச்சிடும். பாட்டு போய்விடும். கையைத் தூக்கினால் பிருந்தாவுக்குத் தெரியாது, கண் மூடியிருக்கிறது. உட்கார்ந்தே இருந்தேன். சபாபதி என்னைப் பார்த்தார். பேச வாயெடுத்தார். அதற்குள் குரல் அவருக்குக் கேட்டுவிட்டது. மேளம் இல்லை, கிடார் இல்லை. அதெல்லாம் பிருந்தாவின் காதுக்குள் இருந்தது. அவருக்குக் கிடைத்தது குரல் மட்டும்.

பாட்டு இதுதான். நினைவில் இருந்து எழுதுகிறேன்.

மேளக்காரர் தூங்குறார், மாலை இன்னும் வரல
பட்டு மேல போர்வை சுத்திப் படி இறங்கி வந்தேன்
யாரும் என்னைக் கூப்பிடல, அப்பா
யார் கையும் பிடிக்கல
வேணாம்னு மூணு தடவை சொன்னேன்
மூணு தடவையும் நீ ஜவுளிக்கடை பேசினே
காலி கேனு நடுவுல குந்திக்கிட்டு
தனியாத்தான் போனேன், அப்பா
தனியாத்தான் போனேன்

ட்ரைசைக்கிள்காரன் முற்றத்தில் இருந்த ரச அண்டாவைத் தூக்கப் போனான். சபாபதி கையை நீட்டி அவனைத் தடுத்தார். அண்டாவின் விளிம்பில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. எனக்கு மூக்கில் வியர்வை இறங்கியது, துடைக்கவில்லை.

பிருந்தா முதல் முறையாகக் கடைசி வரை பாடியது. முடித்து, கண்ணைத் திறக்காமல் நின்றது. கிளமெண்ட் பந்திக் கூடத்திலிருந்து கத்தினான். "கிடைச்சிடுச்சு! பிருந்தா, கிடைச்சிடுச்சு!"

ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பியது. பார்த்தது.

சபாபதி குனிந்து அண்டாவைப் பார்த்தார்.

"அண்டா எடுக்க வந்தேன்" என்றார் சபாபதி.

"எடுத்துக்கோங்கப்பா."

அவர் திரும்பி நடந்தார். அண்டாவை எடுக்கவில்லை. ட்ரைசைக்கிள்காரன் என்னைப் பார்த்தான். நான் எடுத்துப்போகச் சொன்னேன்.

ஆடி 28, புதன்

ஹார்ன் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது. தலைவரே ஏணியில் ஏறித் திருப்பினார் என்றான் எத்திராஜ். "அந்த வயசுல ஏணி!"

பிருந்தா இரண்டு தடவை மண்டபத்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தது.

ஆடி 30, வெள்ளி

கூழ் ஊற்றினார்கள். மில்லில் இருந்து ஒரு தூக்கு நிறையக் கூழ் வந்தது. யாருக்கு என்று சொல்லவில்லை. தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. சைவ மண்டபம் ஆயிற்றே என்று நான் பதறியதும், மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து குடித்தார்கள். பிருந்தா கடைசியாகத் தூக்கைக் கழுவி வைத்தது. எடுத்துப்போக யாரும் வரவில்லை. ராத்திரி வரை கேட்டைப் பார்த்தபடி இருந்தது.

ஆடி 31, சனி

இன்று வகுப்புக்கு வர முடியவில்லை, டீச்சர். காலை முதல் மெத்தைகளைத் தட்டி உள்ளே வைத்தோம். பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள். எட்டுப் பாட்டும் ஒரு சோப்புக்கட்டி அளவு டப்பாவில் இருக்கிறது. கிளமெண்ட் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தான் போட்டுக்கொண்டான். பாட்டுகளைக் கலந்து பதமாக்க இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். பால் வண்டியில் மட்டும் மேளம் கடைசியில்தான் வரும் என்று ரஃபீக் சொன்னான். "முதல் மூணு நிமிஷம் நான் சும்மா உட்கார்ந்திருக்கேன் தாத்தா. என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை."

வேன் கிளம்பும் நேரத்தில் ட்ரைசைக்கிள் வந்தது. அண்டாக்கள். தேய்த்துப் பளபளவென்று இருந்தன. பின்னால் சபாபதி நடந்து வந்தார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன், "நில்லு முனிரத்தினம்" என்றார். தனியாகப் பேச அவருக்குப் பயம் போலிருக்கிறது. அதனால் எனக்கும் கேட்டது.

"கோவிந்தன் வண்டியா?" என்று கேட்டார்.

"ஆமாம்பா."

"எட்டு வருஷமா தினம் அவன்தான் நமக்குப் பால் ஊத்தறான். ஒரு வார்த்தை சொல்லலை."

"நான்தான் சொல்லக் கூடாதுன்னேன்."

தலையை ஆட்டினார். துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"அன்னைக்கு நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். வண்டி கிளம்பற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. பால் வந்துடுச்சு, சம்பந்தி வீட்டுக்குக் காபி போடச் சொல்லணும்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

பிருந்தா கீழே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கேட்டது.

"எந்திரிச்சு வந்து பார்த்திருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். "மணவறையில உட்கார வச்சிருப்பேன்."

"ம்."

"நல்ல வேளை, எந்திரிக்கலை."

பிருந்தா அழுதுகொண்டே சிரித்ததா, சிரித்துக்கொண்டே அழுததா என்று எழுத எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். சபாபதி கழுவி வைத்த தூக்கை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். "அடுத்த தடவை நம்ம வீட்டுல தங்கு. லாட்ஜ் எதுக்கு" என்று தூக்கைப் பார்த்துச் சொன்னார். வேன் போன பிறகும் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றார்.

ஆவணியில் முதல் முகூர்த்தம் வரும் புதன்கிழமை. பெண் வீட்டார் செவ்வாய் சாயங்காலம் வந்துவிடுவார்கள். மணமேடையில் ரஃபீக் ஒட்டிய டேப்பை எல்லாம் சுரண்டியாகிவிட்டது. மணமகள் அறையைக் கூட்டித் துடைத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு நான்தான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். கொடுக்கும்போது, உனக்குச் சம்மதம்தானாம்மா என்று ஒரு வார்த்தை கேட்கலாமா என்று இருக்கிறேன். வாட்ச்மேன் கேட்கிற கேள்வி இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும். கேட்டேனா, கேட்டால் அந்தப் பெண் என்ன சொன்னது என்பதை அடுத்த சனிக்கிழமை எழுதிக்கொண்டு வருகிறேன், டீச்சர்.